பட்டா இல்லாதவர்களின் பருவநிலை

2024 நவம்பர் 24ஆம் தேதி அஜர்பைஜான் நாட்டின் பாகு நகரத்தில் உலக நாடுகளின் பருவநிலை மாநாடு முடிந்தது. பூமியைச் சூடாக்கிய பணக்கார நாடுகள், அந்தச் சூட்டில் வேகிற நாடுகளுக்கு 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டன. ஏழை நாடுகள் கேட்டது 1.3 லட்சம் கோடி டாலர். இது போதாது, இதை ஏற்க முடியாது என்று இந்தியப் பிரதிநிதி அந்த அரங்கத்திலேயே எழுந்து சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

ஆறே நாள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறியது. ஏறின புயல் நகரவில்லை. பல மணி நேரம் ஒரே இடத்தில் நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. மறுநாள் ஊத்தங்கரையில் அதே அளவு. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் குடியிருந்த ஏழு பேர், அதில் ஐந்து பேர் குழந்தைகள், மண்ணுக்குள் போனார்கள். டிசம்பர் 2 விடியலுக்கு முன் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணை திருக்கோவிலூரிலிருந்து கடலூர் வரை கரை தாண்டிப் போனது. தமிழக அரசு உடனடியாக 2,000 கோடி ரூபாய் வேண்டும் என்று டில்லியிடம் கேட்டது. டில்லி விடுவித்தது 944.80 கோடி. இது போதாது என்று சென்னை சொன்னது. அதுவும் சரிதான்.

பாகுவில் டில்லி கேட்டது. டில்லியிடம் சென்னை கேட்டது. சேரி யாரிடம் கேட்பது? இந்த இதழின் தலையங்கத்துக்கு இந்த ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்.

நிவாரண அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். 33 விழுக்காட்டுக்கு மேல் சேதமான பாசனப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500. மாடு செத்தால் 37,500. ஆடு செத்தால் 4,000. குடிசை இடிந்தால் 10,000. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட குடும்ப அட்டைக்கு 2,000. இந்தப் பட்டியலில் நிலம் இருக்கிறது, பயிர் இருக்கிறது, மாடு இருக்கிறது, கூரை இருக்கிறது. கூலி எங்கே? நட்ட நடவு அழுகிப்போனால் களை எடுக்கிற வேலை போச்சு, அறுப்பு வேலை போச்சு, கட்டுத் தூக்குகிற வேலை போச்சு. அந்த இழப்புக்கு அரசின் ஏட்டில் ஒரு பத்தியே கிடையாது. இரண்டு எக்டேர் வைத்திருப்பவருக்கு 34,000 ரூபாய் கணக்காகிறது. அதே இரண்டு எக்டேரில் வருசம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தவளுக்கு ரேஷன் கடை வரிசையில் 2,000. நிலம் வைத்திருப்பவரும் நொந்தவர்தான், அவருக்குக் கொடுத்ததைக் குறை சொல்ல வரவில்லை. கணக்கெடுக்க வருகிற அதிகாரி முதலில் கேட்கிற கேள்வியைத்தான் சொல்கிறேன்: "அடங்கல் யார் பேர்ல இருக்கு?" வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிற எங்கள் ஆட்கள் அங்கேயே வாயடைத்துப் போகிறார்கள். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டாச்சு. எழுதிக் கொடுக்கிற ஆண்டை எங்கே இருக்கிறார்?

வெள்ளம் எல்லாருக்கும் பொது என்கிறார்கள். தண்ணீருக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். தண்ணீருக்குப் பள்ளம் தெரியும். பள்ளத்தில் யாரைக் குடிவைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஏரி வாய்க்காலுக்குக் கீழே, ஆற்றங்கரைச் சரிவில், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் காலனி அமைந்தது தற்செயலா? நல்ல மேட்டு நிலம் ஊருக்கு, எஞ்சிய தாழ்நிலம் சேரிக்கு என்று பங்கு பிரித்தது மேகம் இல்லை. 2004 சுனாமியில் நாகப்பட்டினத்தில் தலித்துகளை முகாமுக்குள் சேர்க்காமல் விரட்டியதும், நிவாரணத்தில் ஒதுக்கியதும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கிறது. 2015 கடலூர் வெள்ளத்திலும் அதே புகார், அதே பதிவு. கடல் மாறினாலும், மழை மாறினாலும் வரிசையில் நம் இடம் மாறுவதில்லை.

இப்போது அறிவியலுக்கு வருவோம். மாணவத் தோழர்களுக்கு இது தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கரியமில வாயு 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு எரித்த புகை அது. அது பூமியின் வெப்பத்தை வெளியே விடாமல் போர்வை போல் மூடுகிறது. தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்தைவிட 2024ஆம் ஆண்டு சுமார் 1.55 டிகிரி கூடுதல் சூடு என்று உலக வானிலை அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. ஒரு டிகிரி சூடு ஏறினால் காற்று சுமார் 7 விழுக்காடு அதிக நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். மற்ற நாட்களில் கொட்டாமல் வைத்திருந்து காயப்போடும். கல்வராயனில் கொட்டினால் கோமுகி பொங்கும், கொட்டாவிட்டால் அணை காயும். அணையை நம்பின வடக்கனந்தல் வயலுக்கு இரண்டும் கேடு. வயலை நம்பின கூலிக்கு இரட்டிப்புக் கேடு.

யார் எரித்தது இந்தப் புகையை? 1991இல் டில்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு சிறு நூல் எழுதினார்கள். அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று இந்தியாவையும் சீனாவையும் பெரும் குற்றவாளிகள் வரிசையில் வைத்திருந்தது. நெல் வயலிலிருந்தும் மாட்டிலிருந்தும் வருகிற மீத்தேனை, அமெரிக்கக் காரின் புகையோடு ஒரே தராசில் வைத்திருந்தது. உயிர் பிழைக்க விடுகிற புகையும் சொகுசுக்கு விடுகிற புகையும் ஒன்றா என்று இவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு ரியோ மாநாட்டு உடன்படிக்கையில் 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்கிற கொள்கை ஏறியது. இன்றைக்கும் இந்திய அரசு சர்வதேச மேடையில் பேசுகிற பேச்செல்லாம் இதுதான். ஒரு அமெரிக்கர் ஆண்டுக்குச் சுமார் 14 டன் கரியமில வாயு விடுகிறார், ஒரு இந்தியர் சுமார் 2 டன். இவ்வளவு எரித்த நாடு 2001இல் கியோட்டோ ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தது, 2025 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறுகிறோம் என்று கையெழுத்துப் போட்டது. ஏகாதிபத்தியத்தின் இந்தத் திமிரை எதிர்ப்பதில் நமக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

ஆனால் அந்த 2 டன்னைப் பிரித்துப் பாருங்கள் தோழர்களே. அது சராசரி. மும்பையில் மாடிக்கு மாடி கார் நிறுத்துகிற கோடீசுவரரின் புகையையும், வடக்கனந்தல் காலனியில் சுள்ளி பொறுக்கி அடுப்பெரிக்கிறவளின் புகையையும் கூட்டி வகுத்த சராசரி. 2007இல் கிரீன்பீஸ் இந்தியா அமைப்பு வெளியிட்ட அறிக்கைக்குத் தலைப்பே 'ஏழைகளின் பின்னால் ஒளிந்துகொண்டு' என்பதுதான். நம் அடுப்பில் புகை குறைவாக இருப்பதால் தேசத்தின் சராசரி குறைகிறது. அந்தக் குறைந்த சராசரியைக் காட்டி அவர்கள் நிதி கேட்கிறார்கள், சுரங்கம் தோண்ட அனுமதி கேட்கிறார்கள். நம் வறுமை அவர்களுக்கு உலகச் சந்தையில் மூலதனம். அமெரிக்கா இந்தியாவிடம் செய்வது அநியாயம் என்றால், இந்திய மேல்தட்டு சேரியிடம் செய்வதற்கு என்ன பெயர்? 'பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு' என்பது பாகுவில் நியாயம் என்றால் கள்ளக்குறிச்சியில் ஏன் நியாயம் இல்லை?

நெய்வேலி நமக்குத் தூரம் இல்லை. 1956இல் நிறுவனம் தொடங்கினார்கள். பழுப்பு நிலக்கரி எடுக்க ஊர் ஊராக நிலம் எடுத்தார்கள். பட்டா வைத்திருந்தவருக்கு இழப்பீடு என்று ஏதோ ஒன்று வந்தது. அந்த நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்கு? 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரில் எந்திரத்தை இறக்கியபோது நாடே பார்த்து அதிர்ந்தது. நானும் அதிர்ந்தேன். அந்தப் பயிரை நட்ட கைகளைப் பற்றி அன்றைக்குத் தொலைக்காட்சியில் ஒருவரும் பேசவில்லை. மின்சாரம் நகரத்துக்குப் போனது, சாம்பல் சுற்றுப்பட்டுக்கு வந்தது, நிலமற்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

வெயிலைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. வெள்ளத்துக்காவது படம் பிடிக்க ஆள் வருகிறது. வெயிலுக்கு யார் வருவார்? சித்திரை, வைகாசியில் அரசு அறிவிப்பு வரும்: பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள், தளர்வான பருத்தி ஆடை அணியுங்கள். இதை எங்கள் பக்கம் கரும்பு வெட்டுகிற ஒரு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வெளிய வராம, டன்னு கணக்க யாருப்பா வெட்டிப் போடுவான்? ஆலைக்காரன் வெயிலு தாழ்ந்து வான்னு லாரிய நிறுத்தி வெப்பானா?" என்றார். பக்கத்தில் இருந்தவர் சேர்த்துக்கொண்டார்: "தண்ணி குடிக்கச் சொல்றான். குடிச்சா ஒதுங்க எங்க போறது? கொல்லையில ஒரு மறைவு உண்டா?" அடிக்கடி தண்ணீர் குடி என்கிற அறிவுரைக்குள் எத்தனை கேள்வி இருக்கிறது பாருங்கள். நிலத்துக்காரர் வீட்டுப் பானையிலிருந்து தானே மொண்டு குடிக்க இன்னும் முடியாத ஊர்களில், தண்ணீர் குடிக்கிற வேளையையும் அளவையும் தீர்மானிப்பது தாகமா, சாதியா?

உடம்பு வேர்த்து, வேர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றில் ஈரம் கூடினால் வேர்வை உலராது. சூடு உள்ளேயே நிற்கும். தலைசுற்றல், மயக்கம், சிறுநீரகக் கேடு, சாவு என்று அது போகும். சென்னை ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளிடம் ஆய்வு நடத்தி 2024இல் வெளியிட்டார்கள். கடும் சூட்டில் வேலை செய்கிற பெண்களுக்குக் கரு கலைவதும் குழந்தை செத்துப் பிறப்பதும் இரண்டு மடங்கு அதிகம் என்று தெரிந்தது. வயலில், செங்கல் சூளையில், உப்பளத்தில் கர்ப்பத்தோடு குனிந்து நிற்பவர்கள் யார் வீட்டுப் பெண்கள்? பூமி சூடாவதன் முதல் பலி நம் பெண்களின் வயிற்றில் நிகழ்கிறது. பனிக்கரடிக்கு அழுகிற நல்லவர்கள் இதற்கும் கொஞ்சம் அழலாம்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் செத்தவர் வெப்பத்தால்தான் செத்தார் என்று யார் எழுதிக் கொடுப்பது? வரப்போரம் சுருண்டு விழுந்தவரை வீட்டுக்குத் தூக்கி வருகிறார்கள், மறுநாள் அடக்கம். மாரடைப்பு என்று ஊர் பேசிக்கொள்கிறது. மருத்துவச் சான்று இல்லாத சாவு கணக்கில் வராது. பட்டா இல்லாத பயிரைப் போலத்தான் இதுவும்.

மேலே மலைக்குப் போவோம். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று முப்பது வருசம் கழித்துத்தான் மலையாளிப் பழங்குடிகள் அரசின் நேரடிக் குடிமக்கள் ஆனார்கள். அரசு வந்தது, கூடவே வனத்துறையும் வந்தது. சாமை, தினை, மரவள்ளி போட்ட புனக்காட்டில் தலைமுறையாக உழைத்தவர் ஆக்கிரமிப்பாளர் ஆனார். வேலை இல்லாமல் கீழே இறங்கி வெளி மாநிலத்துக்குப் போகிறவர்களின் கதி என்ன? 2015 ஏப்ரல் 7இல் சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசு சுட்டுக்கொன்ற 20 பேரில் பக்கத்து ஜவ்வாது மலை, சித்தேரி மலை ஆட்கள் இருந்தார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தும், தமிழ்நாட்டில் பட்டயம் கொடுப்பது நீதிமன்றத் தடையில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது.

இப்போது பருவநிலை என்கிற பெயரில் மரம் நடுகிறார்கள். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழகம் இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடு ஆக்குவது இலக்கு. மரம் நடுவதை யார் எதிர்ப்பார்? எந்த நிலத்தில் நடுவாய் என்றுதான் கேட்கிறோம். ஆதிக்க சாதிக்காரர் தோப்பிலா? ஆலை முதலாளியின் வளாகத்திலா? அல்லது மலையாளியின் புனக்காட்டிலும், சேரிக்காரர் ஆடு மேய்க்கிற புறம்போக்கிலுமா? வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலுக்கும் ரயிலுக்கும் காட்டை அடைத்தான். இன்றைக்குப் புகையை ஈடுகட்ட அடைக்கிறார்கள். அடைபடுகிறவர்கள் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே ஆட்கள்.

சூழலியல் பேசுகிற நண்பர்கள் சிலர் இன்னொரு மருந்து வைத்திருக்கிறார்கள். மரபுக்குத் திரும்புங்கள் என்கிறார்கள். ஏரியும் குளமுமாக வாழ்ந்த கிராமம் பொன்னாக இருந்ததாம். அந்த ஏரியின் மடையில் மூழ்கித் திறந்தவன் யார், கரை உடைந்த இரவில் மண் மூட்டையோடு போய் நின்றவன் யார், அதே ஏரியில் தண்ணீர் மொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்டவள் யார்? 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே ஒன்று போட்டார்கள், குடிமராமத்துக்கு ஆள் பிடிக்க. 2017இல் தமிழக அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கங்களிடம் கொடுத்தது. ஆயக்கட்டுதாரர் என்றால் நிலம் உள்ளவர். நிலம் இல்லாதவருக்கு ஏரியில் சொல் இல்லை. மகாத் குளத்தில் 1927 மார்ச் 20இல் அண்ணல் அம்பேத்கர் கை வைத்தது தாகத்துக்காக மட்டும் இல்லை, பொது நீரில் சம உரிமையை நிலைநாட்ட. தண்ணீர் சுருங்கச் சுருங்க இந்தச் சண்டை கூர்மையாகும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததை மறந்துவிட முடியுமா? பற்றாக்குறை வந்தால் மனிதர்கள் ஒன்றுசேர்வார்கள் என்பது சாதி இல்லாத நாட்டுக்கான பாடம்.

நம் தரப்பிலேயே ஒரு முணுமுணுப்பு உண்டு. கொலையும் வன்கொடுமையும் நடக்கிற நாட்டில் நமக்கு எதற்குப் புகையும் பனிமலையும், இது தொண்டு நிறுவனங்களின் வேலை என்கிறார்கள் சில தோழர்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. எளிமையாக வாழுங்கள் என்று நமக்கே பாடம் எடுக்க வருகிறவர்களை நானும் வாசலில் நிறுத்துவேன். மின்விசிறியே போன தலைமுறையில்தான் சேரிக்கு வந்தது. நமக்குக் கெட்டியான கூரை வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும், பேருந்து வேண்டும், ஆலையில் நிரந்தர வேலை வேண்டும். ஊரின் பழைய நிழலை விட்டு வெளியேறும் உரிமை வேண்டும். ஆனால் களத்தை விட்டு நாம் விலகினால் அந்தப் பணம், அந்தத் திட்டம், அந்தச் சட்டம் எல்லாம் யார் வீட்டுக்குப் போகும்? நிவாரணமும் இழப்பீடும் பசுமை நிதியும் வருங்காலத்தில் பெருகத்தான் போகிறது. பங்கு பிரிக்கிற இடத்தில் நாம் இல்லை என்றால் நம் நிலமே அவர்களின் மரத் தோப்பாகும்.

அதனால் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம்.

ஒன்று, பேரிடரில் இழந்த கூலி நாட்களை இழப்பாகக் கணக்கிட வேண்டும். பயிர்ச்சேதம் எழுதுகிற அதே நாளில், அந்தப் பயிரை நம்பின கூலிக் குடும்பங்களையும் எழுத வேண்டும். நிவாரணப் பட்டியலைச் சேரியிலும் படித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

இரண்டு, கோடைப் பகலில் வேலை நிறுத்தம் என்பது அறிவுரையாக இருக்கக் கூடாது, கூலியோடு கூடிய சட்டமாக வேண்டும். வயலிலும் சூளையிலும் நிழல், தண்ணீர், கழிப்பிடம் தருவது வேலை கொடுப்பவரின் கடமையாக வேண்டும். வேலையிடத்தில் நேர்கிற ஒவ்வொரு கோடைச் சாவுக்கும் மருத்துவ விசாரணை வேண்டும்.

மூன்று, மேட்டு நிலத்தில் மனைப்பட்டா. இன்னும் வெள்ளப் பள்ளத்தில் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்துவிட்டுச் சாதனை என்று பலகை வைக்கக் கூடாது.

நான்கு, வன உரிமைச் சட்டப்படி தனி உரிமையும் சமூக உரிமையும் கொடுத்து முடிக்காமல் கல்வராயனில் ஒரு மரக்கன்றும் அரசு நடக் கூடாது.

ஐந்து, எல்லாவற்றுக்கும் அடியில் நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீர் அறிக்கை தந்து, 1892இல் அரசாணை வந்து, ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே? அதைக் கேட்டுக் காரணைப் போராட்டத்தில் 1994 அக்டோபரில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இந்தியா முழுக்க 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடி நிலத்தில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. நிலம் உள்ளவனுக்குத்தான் இழப்பு உண்டு என்று அரசு சொல்லுமானால், பருவநிலை நீதிக்கான முதல் போராட்டம் பஞ்சமி நில மீட்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த இதழைப் படிக்கிற மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த மழைக்கு முன்னால் அவரவர் ஊரில் கணக்கெடுங்கள். எந்தத் தெரு பள்ளத்தில், எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை, எத்தனை பேர் வாய்மொழிக் குத்தகை, போன கோடையில் வேலையிடத்தில் விழுந்தவர் எத்தனை, ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண் என்ன, இப்போது அது யார் பெயரில் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். அரசு எழுதாத ஏட்டை நாமே எழுதி, அதிகாரி "அடங்கல் யார் பேர்ல?" என்று கேட்கிற நாளில் அவர் மேசை மீது வைப்போம்.